அடிக்காத மூன்றாவது மணி

அந்த மருத்துவமனையில் யாரும் தன் இஷ்டத்துக்குக் குணமாகிவிட முடியாது. நோய் வருவதற்குத்தான் ஒழுங்குமுறை கிடையாது, போவதற்கு உண்டு. நுழைவுக் கூடத்தில் பளபளவென்று ஒரு பித்தளை மணி தொங்கியது. அதற்கு வெற்றி மணி என்று பெயர். குணமானவர் அதன் கயிற்றைப் பிடித்து மூன்று முறை அடிக்க வேண்டும். அடித்தால்தான் குணம். அதுவரை ரத்தப் பரிசோதனை என்ன சொன்னாலும், டாக்டர் என்ன சொன்னாலும், அவர் நோயாளிதான்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதுதான் ஊரில் எல்லா இடத்திலும் தகராறு. இங்கே மணியைக் கட்டியாகிவிட்டது. தகராறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மணிக்கு மேலே "நமது வெற்றி விகிதம்" என்று ஒரு மின்பலகை. பக்கத்தில் சிவப்பாக ஓர் எண். நம் கதை தொடங்கும்போது அது தொண்ணூற்றாறு. அது ஏன் ஒருநாளும் இறங்குவதில்லை என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அதைச் சொல்வதற்கென்றே ஓர் அதிகாரி சம்பளம் வாங்குகிறார்.

இந்தக் கூடத்துக்கு ஒரு நாள் கண்டக்டர் வந்து சேர்ந்தார். இருபது வருஷத்துக்கு மேலாக நகரப் பேருந்தில் வேலை. அவருடைய வண்டி பழையது. விசில் கிடையாது. கூரையோரமாக ஒரு கயிறு ஓடும். அதன் முனையில், டிரைவர் தலைக்கு மேலே, ஒரு மணி. ஒரு தடவை இழுத்தால் நில். இரண்டு தடவை இழுத்தால் கிளம்பு. வேறு பாஷை அந்தக் கயிற்றுக்குத் தெரியாது. கண்டக்டரும் டிரைவரும் வாயால் பேசிக்கொண்டதைவிடக் கயிற்றால் பேசிக்கொண்டதுதான் அதிகம். இரண்டு பேருக்கும் சண்டை என்றால்கூட மணி கொஞ்சம் வேகமாக அடிக்கும், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாகவே பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. கை காலில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலத் திட்டுகள். "வயசாகுதில்ல" என்று கண்டக்டர் தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டார். ஒரு நாள் ஒரு நிறுத்தத்தில் ஒரு மணி அடித்து வண்டியை நிறுத்தினார். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். இரண்டு மணி அடிக்கவே இல்லை. டிரைவர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தால், கண்டக்டர் படியருகே சுருண்டு கிடக்கிறார். டிரைவர் அன்றைக்குப் பயணிகளோடு சேர்த்துப் பேருந்தையே மருத்துவமனை வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பயணிகளில் ஒருவர் மட்டும் இது எங்கள் வழித்தடம் இல்லையே என்று கடைசி வரை வாதாடினார்.

ரத்த நோய்ப் பிரிவின் டாக்டரம்மா சின்ன வயசு. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுகிறவர். ஆனால் பேச்சில் ஒளிவு மறைவு இல்லை.

"ரத்தப் புற்றுநோய். திடீர்னு வந்து வேகமா பரவற வகை," என்றார்.

"பிழைப்பேனா டாக்டரம்மா?"

"உங்க மாதிரி ஆளுங்க பத்து பேருக்கு மருந்து கொடுத்தா, ஆறேழு பேருக்கு முதல் சுத்துலயே நோய் அடங்குது. அடங்கினதும் விடக்கூடாது. அடுத்தடுத்த சுத்து கொடுக்கணும். அப்பவும் சில பேருக்குத் திரும்ப வரும். பொய் சொல்ல மாட்டேன்."

கண்டக்டர் யோசித்தார். "பத்துல ஆறேழா? எங்க வண்டி நேரத்துக்கு வர்றதே பத்துல மூணு தடவைதான். இது நல்ல சர்வீஸுங்க. ஏறிடலாம்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு அழுகை பாதியிலேயே நின்று கோபம் வந்துவிட்டது. "இதுலயும் உங்களுக்கு பஸ்ஸுதானா?" என்றாள்.

ஒரு வாரம் மருந்து சொட்டியது. அதில் ஒன்று சிவப்பு. சிறுநீரும் சிவப்பாகவே போனது. பக்கத்துப் படுக்கையில் அதே நோயோடு ஒரு சலூன்காரர். கண்டக்டரின் முடி தலையணையில் கொத்துக் கொத்தாக விழுந்த காலையில் சலூன்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஒரு தலைக்கு நான் அரை மணி நேரம் எடுத்துக்குவேன். இந்த பாட்டில் வார்டு முழுக்க ஒரே வாரத்துல முடிச்சிருச்சு. கூலியும் கேக்கல, அரசியலும் பேசல. இது இருக்கறப்ப என் கடைக்கு எவன் வருவான்?"

பிறகு காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல என்னால் முடியாது. மருந்து கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் துடைத்துப் போட்டிருந்தது. சாதாரணக் கிருமி ஒன்று உள்ளே வந்து வீட்டுக்காரன் மாதிரி நடந்துகொண்டது. மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளே கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று யாரையோ நகர்த்திக்கொண்டிருந்தார்.  அந்த மனிதர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காய்ச்சல் இறங்கியது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா ஓடி வந்தார். கண்ணாடி அதிசயமாக மூக்கிலேயே இருந்தது.

"அடங்கிடுச்சுங்க! கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா சிகிச்சை முடியல. புல்லைப் புடுங்கியாச்சு, வேரு மண்ணுலதான் இருக்கும். ஒடம்பு கொஞ்சம் தேறினதும் ரெண்டாவது சுத்து. தள்ளிப் போட்டா திரும்ப முளைச்சுடும்."

கண்டக்டர் தேறினார். சாப்பாடு ருசித்தது, மருத்துவமனைச் சாப்பாடு ருசிக்கிறது என்றால் அது பெரிய நோய் குணமானதற்கு அறிகுறி. டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மனைவி அதை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். ஜன்னலில் இருந்தவர் கணினியைத் தட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ரெண்டாவது சுத்து, நோய் அடங்கினவங்களுக்குத்தான்."

"அடங்கிடுச்சுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே!"

"அவங்க சொல்லிட்டாங்க. இவர் மணி அடிக்கலையே?"

மனைவி அங்கேயிருந்து நேராக விளைவுப் பிரிவுக்குப் போனாள். கூடவே கண்டக்டரும் முகமூடி போட்டுக்கொண்டு மெல்ல நடந்தார். சிகிச்சையின் விளைவுகளைக் கணக்கெடுப்பதற்காக ஏற்பட்ட பிரிவு அது. அதன் அதிகாரிக்கு மருத்துவமனையில் வைத்த பெயர் சதவீதம். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் முழுசாகச் சொல்லமாட்டார். "டீ சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டால் "ஒரு எழுபது சதவீதம்" என்பார், பையன்கள் முக்கால் கப் கொண்டுவருவார்கள்.

"உக்காருங்க," என்றார் சதவீதம். "முதல் அடி: நோய் நீங்கியது, அறிவிக்கப்படுகிறது. ரெண்டாவது அடி: நோயாளியும் குடும்பமும் நன்றி தெரிவிக்கிறார்கள். மூணாவது அடி: சிகிச்சை முடிந்தது, புகழ் மருத்துவமனைக்கு. இதான் விதி. முதல் அடி விழாத வரைக்கும் உங்க நோய் நீங்கலை."

"சரிங்க, இப்பவே அடிச்சுடறேன்," என்று கண்டக்டர் எழுந்தார்.

"அவசரப்படாதீங்க. மணி இப்ப விடுப்புல இருக்கு."

மணி விடுப்பில் போன கதையைச் சதவீதம் பெருமையோடு சொன்னார். மருத்துவமனை அமைதி மண்டலம் என்பதால் அமைதிக் குழு முதலில் மணியின் நாக்குக்குப் பஞ்சு சுற்றியது. பஞ்சு சுற்றிய மணியை ஒருவர் அடித்தார், சத்தம் வரவில்லை, சத்தம் வராததால் குணம் செல்லாது என்று முடிவாயிற்று. அவர் வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் நோயாளியாகவே வேலைக்குப் போய்வந்தார். பிறகு பஞ்சை எடுத்தார்கள். அடுத்து தொற்றுத் தடுப்புக் குழு வந்தது. ஊரான் கையெல்லாம் படும் கயிறு ஆபத்து என்று கயிற்றைக் கழற்றி வெந்நீரில் அவித்தார்கள். அவிந்த கயிறு சுருங்கிப் போய், அதை எட்டிப் பிடிக்கக்கூடிய ஆறடி ஆட்கள் மட்டுமே கொஞ்ச நாள் குணமானார்கள். இப்போது புதுக் கயிறு வந்துவிட்டது. ஆனால் அடுத்த வாரம் தர மதிப்பீட்டுக் குழு வருவதால், மணி அவர்கள் முன்னால்தான் வாய் திறக்கும்.

"அடுத்த வாரம்தானே," என்றாள் மனைவி. "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம். அன்னிக்கு மூணு அடிச்சுட்டு நேரா மருந்து வாங்கிக்கறோம்."

"எந்த மருந்து? மூணாவது அடி விழுந்ததும் சிகிச்சை முடிஞ்சுது. கணினி கோப்பை மூடிடும். அப்புறம் மருந்து வராது."

"அடிக்கலைன்னா?"

"நோய் நீங்கலை. ரெண்டாவது சுத்து வராது."

மனைவி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்னு சொல்வாங்க. நீங்க ரெண்டையும் காட்டிட்டு எறியக் கூடாதுங்கறீங்களே!"

"கோப்பு மூடினவங்க புது நோயாளியாப் பதிஞ்சுக்கலாம்," என்று சதவீதம் ஆறுதல் சொன்னார். "மூணாம் நம்பர் படுக்கையில ஒரு துணிக்கடையம்மா இருக்காங்க பாருங்க. போன வருஷம் மூணு அடிச்சுட்டுப் போனாங்க. அடுத்த சுத்து கொடுக்க முடியலை. நோய் திரும்பிடுச்சு. இப்ப புது நோயாளி."

"அப்ப அவங்க கணக்குல தோல்விதானே?"

"அது எப்படிம்மா? பழைய நோயாளி மணி அடிச்சுட்டுப் போயிட்டாங்க, வெற்றி. இவங்க வேற."

"சரி, என்னையும் புது நோயாளியாப் போட்டுருங்க," என்றார் கண்டக்டர் பணிவாக.

சதவீதம் வருத்தத்தோடு பார்த்தார். "புது நோயாளிக்கு நோய் இருக்கணுமே. உங்களுக்குத்தான் இல்லையே. வந்ததுக்கு அப்புறம் வாங்க."

கண்டக்டருக்குத் தலை சுற்றியது. இந்த முறை ரத்தம் குறைந்ததால் இல்லை. எழுந்திருக்கும்போது, வந்ததற்கு ஒன்றாவது தெரிந்துகொண்டு போவோமே என்று கேட்டார். "தப்பா நினைக்காதீங்க சார். செத்துப் போறவங்களை எதுல சேர்ப்பீங்க?"

"அவங்க மணி அடிக்க வர்றதே இல்லையே. வராதவங்களை வச்சு எப்படி விகிதம் போடறது?"

"அப்ப அந்த மீதி நாலு சதவீதம்?"

"நூறுன்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்கன்னு இயக்குநர் நாலை எடுத்துட்டார். அடக்கமான மனுஷர். முன்னே ஒருத்தர் ஒரே வருஷத்துல ரெண்டு தடவை குணமாகி, விகிதம் கணக்குல நூத்தி நாலு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஒருத்தருக்கு வாழ்நாள்ல ஒரே தடவைதான் மணின்னு விதி போட்டோம்."

துணிக்கடையம்மாவை அன்று மாலை மனைவி போய்ப் பார்த்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் இங்க புதுசுங்க. பழைய ஆளு ரொம்ப நல்லவ, குணமாகிப் போயிட்டா. அவளுக்குப் பூங்கொத்தெல்லாம் கொடுத்தாங்க. எனக்கு ஊசிதான்." சிரிப்பு முடிந்ததும் மனைவியின் கையைப் பிடித்தாள். "உங்க வீட்டுக்காரரை விட்டுடாதீங்க. எப்படியாவது அடுத்த சுத்து வாங்கிடுங்க."

மறுநாள் டாக்டரம்மா இருவரையும் இயக்குநரிடம் அழைத்துப் போனார். இயக்குநர் அறை வார்டைவிடப் பெரியது. சுவரெல்லாம் கேடயங்கள். ஒரு கேடயம், அதிகக் கேடயங்கள் வாங்கியதற்காகக் கொடுத்த கேடயம். இயக்குநர் கண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, பக்கத்திலேயே வைத்திருந்த கிருமிநாசினியால் தன் கையைக் கழுவிக்கொண்டார்.

"சார், இவருக்கு ஒரு பத்து நாளைக்குள்ள ரெண்டாவது சுத்து தொடங்கணும்," என்றார் டாக்டரம்மா. "இல்லைன்னா நோய் திரும்பிடும்."

"திரும்பட்டுமே!" என்றார் இயக்குநர் உற்சாகமாக. "நமக்கென்ன பயமா? திரும்பினா மறுபடி குணப்படுத்துவோம். ஒரு ஆளை ஒரு தடவை குணப்படுத்தறது யாராலயும் முடியும். நாலு தடவை குணப்படுத்தறதுக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரி வேணும்."

"அவர் பிழைக்கணுமே சார்."

"யாரு வேண்டாம்னா? பிழைக்கறது அவர் சொந்த விஷயம். அதுல நிர்வாகம் தலையிடாது. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்ப இங்க என்ன இருந்தது? வெறும் சிகிச்சை! நோயாளி வருவான், மருந்து கொடுப்பாங்க, போவான். ஒரு கைத்தட்டல் உண்டா? ஒரு போட்டோ உண்டா? சிகிச்சைக்கு ஒரு முடிவே இல்லாம இருந்தது. நான்தான் முடிவு கட்டினேன்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. கண்டக்டர் பக்கம் திரும்பி இயக்குநர் கேட்டார்: "மதிப்பீட்டுக் குழு முன்னாடி நீங்கதான் அடிக்கப் போறீங்க. உங்களை ஏன் தேர்ந்தெடுத்தோம் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"உங்களுக்குக் கயிறு இழுத்துப் பழக்கம். போன தடவை ஒரு பேராசிரியர் இழுத்து மணியே கழண்டு விழுந்துடுச்சு."

வெளியே வந்ததும் மனைவி வெடித்தாள். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? நோய் மருந்துக்குக் கேட்டுச்சு, ஒடம்பு கேட்டுச்சு, இந்த ஆளுதான் கேக்க மாட்டேங்கறார்! நீங்க அன்னிக்கு அடிக்கவே அடிக்காதீங்க."

"அடிக்கலைன்னாலும் மருந்து இல்லையேம்மா," என்றார் கண்டக்டர்.    அவருக்கு முதல் தடவையாகச் சாகப் பயமாக இருந்தது. நோயில் செத்தாலும் பரவாயில்லை, நோய் போனதற்கு அப்புறம் சாவது என்ன நியாயம் என்று மனைவியிடம் கேட்டார். அவள் அவர் முகமூடியைச் சரிசெய்தாள்.

ஒத்திகைகள் தொடங்கின. ஒத்திகைக்கு நிஜ மணி கொடுக்க விதி இல்லை. காற்றில் கையை இழுக்க வேண்டும். முதல் ஒத்திகையில் சிரிப்பு அதிகம் என்றார்கள். இரண்டாவதில் கண் கலங்குவது போதாது என்றார்கள். அடுத்ததில் நன்றாகவே கலங்கிற்று, ஆனால் அது மருந்து கிடைக்காத கவலை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. "இதான், இதான், இப்படியே வச்சுக்குங்க" என்றார்கள்.

பிறகு ஒரு பெரிய பிரச்சினை கிளம்பியது. கண்டக்டருக்கு முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. முடி இருந்தால் போட்டோவில் நோயாளி மாதிரி தெரியாது. நோயாளி மாதிரி தெரியாவிட்டால் குணமானதும் தெரியாது. ஆகவே சலூன்காரரைக் கூப்பிட்டு மழித்துவிடச் சொன்னார்கள். சலூன்காரர் கண்டக்டரின் மண்டையைத் தடவிப் பார்த்தார். பிஞ்சுப் பிஞ்சாக, பூனைமுடி போல இருந்தது.

"என் வாழ்க்கையில எந்தத் தலையையும் வேண்டாம்னு சொன்னதில்லை," என்றார். "இதுல மட்டும் கத்தி வைக்க மாட்டேன். இது என்ன கஷ்டப்பட்டு வந்திருக்குன்னு எனக்குத் தெரியும்."

கடைசியில், முடி தெரியாமல் தொப்பி போட்டுக்கொள்வதென்று சமரசமானது. அதற்கு அவருடைய வேலை உடுப்பே பொருத்தம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். வேலை உடுப்பு, தொப்பி, தோளில் தோல்பை, எல்லாம் வீட்டிலிருந்து வந்தன. உடம்பு இளைத்துப் போனதில் உடுப்புக்குள் இன்னொரு கண்டக்டருக்கு இடம் இருந்தது.

அந்த நாள் வந்தது. கூடம் நிறைய ஆட்கள். முன் வரிசையில் மதிப்பீட்டுக் குழு. பக்கத்தில் கண்டக்டரின் குடும்பம் என்று போட்டிருந்த நாற்காலிகளில் மனைவியும் டிரைவரும். பின்னால் வார்டுக்காரர்கள். டாக்டரம்மா தூணோரமாக, கையில் எழுதி வைத்த மருந்துச் சீட்டோடு நின்றார். எதற்காகக் கொண்டுவந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. கையை வீசிக்கொண்டு வர மனசில்லை.

இயக்குநர் பேசினார். "இந்த மணியின் ஓசை கேட்டு நோய்கள் நடுங்குகின்றன! இங்கே வந்தவர்கள் யாரும் திரும்பிப் போனதில்லை" என்றார், சதவீதம் ஓடிப்போய்க் காதில் ஏதோ சொன்னதும், "நோயோடு திரும்பிப் போனதில்லை" என்று திருத்திக்கொண்டார். "இவர் யார்? ஒரு சாதாரண கண்டக்டர். இவரிடம் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. நோய் ஒன்றுதான் இருந்தது. அதையும் நாங்கள் வாங்கிக்கொண்டோம்!" கைத்தட்டல் கூடத்தை நிறைத்தது. மதிப்பீட்டுக் குழுவின் தலைவி, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் ஏதோ குறித்துக்கொண்டார்.

கண்டக்டரை மணிக்குக் கீழே அழைத்துப் போனார்கள். புதுக் கயிறு தலைக்கு மேலே தொங்கியது. அவருக்கு எதிரே நூறு முகங்கள், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தோளில் பை. தலையில் தொப்பி. மூன்று அடிக்க வேண்டும், அடித்ததும் கோப்பு மூடும் என்பது மட்டும்தான் நினைப்பில் இருந்தது. அவர் கை உயர்ந்து கயிற்றைப் பிடித்தது. பிடித்த கைக்கு மற்றதெல்லாம் மறந்து போயிற்று.

டிங் டிங்.

"ரைட், போலாம்!" என்றார் கண்டக்டர் உரக்க.

முன் வரிசையில் டிரைவரின் வலது கால் தரையை அழுத்தியது. வாசலருகே நெருக்கிக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே கூடத்துக்குள் இரண்டடி நகர்ந்தார்கள். கண்டக்டர் கயிற்றை விட்டுவிட்டு, சில்லறை எடுப்பது போல் பைக்குள் கையை விட்டார். அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

"இன்னொண்ணு," என்று இயக்குநர் சிரித்த முகத்தோடு பல்லிடுக்கில் சொன்னார். "என்னுது பாக்கி! அடிங்க!"

கண்டக்டர் அடித்துப் பிடித்துக் கயிற்றை எட்டினார். அதற்குள் குறுக்கே ஒரு கை வந்தது. சதவீதத்தின் கை.

"சார், விதி," என்றார் சதவீதம். "கயித்தை விட்டுட்டார். ஒருத்தருக்கு வாழ்நாள்ல ஒரே தடவைதான். மறுபடி பிடிச்சா ரெண்டாவது தடவை ஆயிடும். விகிதம் நூறைத் தாண்டும்."

"யோவ், குழு பார்த்துக்கிட்டு இருக்குய்யா!"

"அதனாலதான் சார் சொல்றேன்."

குழுத் தலைவி முதல் தடவையாக வாய் திறந்தார். "சரி, ரெண்டு அடி அடிச்சிருக்கார். உங்க விதிப்படி இவரோட நிலை என்ன?"

சதவீதத்தின் வாழ்க்கையில் அவரிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மூன்று என்று எழுதியிருந்தால் எல்லோரும் மூன்றுதான் அடிப்பார்கள். இரண்டில் நிறுத்துவான் ஒருவன் என்று எந்தக் குழுவும் யோசித்திருக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, விதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். உதடு அசைந்தது.  மனைவி டிரைவரின் கையைப் பிடித்திருந்தாள், அது யாருடைய கை என்றே தெரியாமல்.

"முதல் அடி விழுந்துடுச்சு. நோய் நீங்கியது, அறிவிக்கப்பட்டது," என்றார் சதவீதம். "ரெண்டாவது விழுந்துடுச்சு. நன்றி தெரிவிச்சாச்சு. மூணாவது விழல. ஆகவே சிகிச்சை முடியல."

"அப்ப ரெண்டாவது சுத்து மருந்து?" தூணருகிலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"நூறு சதவீதம் கொடுக்கலாம்," என்றார் சதவீதம்.

டாக்டரம்மா ஓடினார். மருந்துச் சீட்டைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு, மருந்தகத்தை நோக்கி, கண்ணாடி தலையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். சலூன்காரர் அதைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். மனைவி அழுதாள், சிரித்தாள், கண்டக்டரின் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். "இத்தனை வருஷமா அந்த பஸ்ஸைத் திட்டியிருக்கேனே," என்றாள்.

அடுத்த மாதம் சலூன்காரரின் முறை வந்தது. அவருக்கு அழகாக மூன்று அடிக்க ஒத்திகை கொடுத்தார்கள். மேடையில் இரண்டு அடித்தார், கயிற்றை விட்டார், "அடுத்த ஆளு உக்காரலாம்" என்றார். அதற்கப்புறம் யாரும் மூன்று அடிக்கவில்லை. இயக்குநர் முதலில் கோபப்பட்டார். பிறகு, இரண்டு அடித்தவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் "தொடர் வெற்றி" என்று கணக்கில் ஏறுவதைச் சதவீதம் காட்டியதும், இரு மணி முறை தன்னுடைய கண்டுபிடிப்பு என்று ஒரு மாநாட்டில் கட்டுரை படித்தார். பலகையில் இப்போது நூற்று முப்பத்தேழு. மூன்று இலக்கம் காட்டப் பழைய பலகையில் இடமில்லாததால் புதுப் பலகை வாங்கினார்கள். துணிக்கடையம்மாவுக்கும் மருந்து தடையில்லாமல் கிடைத்தது. புது ஆளாக வந்தவள் இல்லையா, அவளுக்கும் ஒரு தடவை மணி உண்டு.

கண்டக்டருக்குச் சுற்றுகள் எல்லாம் முடிந்தன. டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கு நோய் இல்ல. நாளைக்கும் இருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். அப்பப்ப வந்து ரத்தம் காட்டணும்."

"போதும்மா," என்றார் கண்டக்டர். "நாங்களும் அடுத்த நிறுத்தம் வரைக்கும்தான் டிக்கெட்டு கொடுக்கறோம்."

அவர் மறுபடி வேலைக்குப் போனார். முடி முழுசாக வளர்ந்திருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் சுருட்டையாக. ஒரு நாள் கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு சதவீதம் ஏறினார். கண்டக்டர் அவருக்கு ஓர் இருக்கை பிடித்துக் கொடுத்தார்.

"உங்களைத் தேடித்தான் வந்தேன்," என்றார் சதவீதம். "சிகிச்சை முடிஞ்சும் உங்க கோப்பு திறந்தே கிடக்கு. அறுபத்தாறு புள்ளி ஆறு சதவீதத்துல நிக்குது. எனக்குத் தூக்கம் வரலைங்க. குழு கூடிப் பேசிச் சிறப்பு அனுமதி வாங்கியிருக்கோம். நீங்க வந்து அந்த மூணாவது மணியை மட்டும் அடிச்சுட்டா முழுசா முடிஞ்சுடும்."

"ஒரே ஒரு மணியா?"

"ஒரே ஒரு மணிதான்."

கண்டக்டர் மேலே ஓடும் கயிற்றைப் பார்த்தார். "அது வேண்டாம் சார். ஒத்தை மணி அடிச்சா வண்டி நின்னுடும்."

 சதவீதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பதறி எழுந்தார். "ஐயோ, ஆஸ்பத்திரி வந்துடுச்சே!"

"உங்களுக்குன்னா அடிக்கிறேன், இருங்க," என்று கண்டக்டர் கயிற்றை ஒரு தடவை இழுத்தார். வண்டி நின்றது. சதவீதம் இறங்கிக்கொண்டார். கண்டக்டர் படியில் தொங்கியவர்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நெறைய எடம் இருக்கு" என்றார். அப்புறம் கையை உயர்த்தி, இரண்டு தடவை இழுத்தார்.